மூன்று மணிக்கு மேல் சூடு கிடையாது

போன மாதம் திண்டுக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தில் பெயிண்டர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு நடந்தது. ஏதோ ஒரு பெயிண்ட் கம்பெனி நடத்தியது. போனவர்களுக்கெல்லாம் ஒரு தொப்பி, ஒரு பேனா, மதியம் பிரியாணி. நான் வேலையை விட்டுப் பல வருடம் ஆகிறது. ஆனால் பிரியாணியிலிருந்து யாரும் எனக்கு ஓய்வு கொடுக்கவில்லை என்பதால் போனேன்.

வகுப்பு எடுத்த தம்பி அந்த வெயிலிலும் கோட்டு போட்டிருந்தார். திரையில் ஹீட் கன் படத்தைக் காட்டி, "இது பழைய பெயிண்டை உரிக்கிற நவீனக் கருவி. சுடுகாற்று மட்டும்தான் வரும். தீயே இல்லாததால் முழுக்க முழுக்கப் பாதுகாப்பானது" என்றார். மண்டபமே தலையாட்டியது. நான் கையைத் தூக்கினேன். "மூத்தவர் ஒருத்தர் அனுபவம் சொல்லப் போகிறார்" என்று மைக்கைக் கொடுத்தார். நான் பேச ஆரம்பித்து, வேலை நடந்த வீட்டுக்காரர் பெயரைச் சொல்வதற்குள் கைதட்டிவிட்டார்கள். பிரியாணி அண்டாவைத் திறந்துவிட்டார்களாம். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். எழுத்தில் ஒரு வசதி, நடுவில் யாரும் கைதட்ட முடியாது.

என் பெயர் செல்வராசு. முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஊரார் வீட்டுக் கதவுக்கெல்லாம் வண்ணம் அடித்தேன். என் வீட்டுக் கதவு இன்றுவரை மர நிறத்தில்தான் இருக்கிறது. பத்தொன்பது வயதில் ராயப்பன் மேஸ்திரியிடம் சேர்ந்தேன். மூன்று வருடம் சுரண்டினேன், இரண்டு வருடம் பட்டி பூசினேன், பிறகு பிரஷ் கைக்கு வந்தது. என் படிப்பு அவ்வளவுதான்.

மேஸ்திரி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்கு வருவார், அதே வெள்ளையோடு வீட்டுக்குப் போவார். பெயிண்ட் வேலை தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பேச்சு குறைவு. வேலை நன்றாக இருந்தால் "ம்" என்பார். இல்லாவிட்டால் "ஏலே" என்பார். கோபம் முற்றினால் "அப்பு" என்பார். வெளியூர்க்காரர்கள் அதைக் கேட்டு, எவ்வளவு பாசமான மனிதர் என்று நினைத்துக்கொள்வார்கள். நாங்கள் ஓரடி பின்னால் நகர்வோம்.

அப்போதெல்லாம் பழைய பெயிண்டை உரிக்க மண்ணெண்ணெய் ஊதுவிளக்குதான். பம்ப் அடித்தால் நீல ஜுவாலை சீறிக்கொண்டு வரும். அதைக் கதவில் காட்டினால் பெயிண்ட் அப்பளம் மாதிரி பொங்கும். பொங்கியதைத் தகட்டால் வழித்தெடுக்க வேண்டும். இந்தச் சின்ன வேலைக்கு மேஸ்திரி வைத்திருந்த சட்டங்கள் ஒரு முனிசிபாலிட்டியை நடத்தப் போதும். பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீர், ஒரு ஈரச் சாக்கு. டர்பன்டைன் டப்பா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. கண்ணாடி இருந்தால் தகரம் வைத்து மறைக்க வேண்டும். சந்து, பொந்து, விரிசல் பக்கம் சூட்டைக் காட்டவே கூடாது. உரித்த தோலைத் தரையில் விடாமல் டின்னில் அள்ளிக் குழிக்குள் புதைக்க வேண்டும். பழைய வெள்ளைப் பூச்சில் சபேதா இருக்கும், அது ஈயம். அதைச் சுரண்டிக் கை கழுவாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த கூட்டாளி ஒருவருக்குத் தீராத வயிற்று வலி வந்து, கடைசியில் மணிக்கட்டு தொங்கிப் போனதை மேஸ்திரி கண்ணால் பார்த்திருக்கிறார். கைக்குழந்தை இருக்கிற வீடு என்றால், குழந்தையைப் பின்கட்டுக்கு அனுப்பாமல் விளக்கையே பற்றவைக்க மாட்டார்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம். மூன்று மணிக்கு மேல் சூடு கிடையாது. மூன்றிலிருந்து ஐந்து வரை உரித்த இடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு வேலையும் செய்யாமல் சும்மா.

"மரம் உடனே சொல்லாது. உள்ளுக்குள்ள வச்சுக்கிட்டு ஆற அமரச் சொல்லும்" என்பார்.

அந்த இரண்டு மணி நேரம் எங்களுக்கு அவமானமாக இருக்கும். தெருவில் போகிறவர்கள், "என்ன மேஸ்திரி, கதவு ஓடிப்போயிருமா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அவர் பதில் சொல்ல மாட்டார். நான் மட்டும் மனதுக்குள் நிறையப் பதில் சொல்லிக்கொள்வேன், எல்லாம் மேஸ்திரிக்கு எதிராக.

எண்பதுகளின் நடுவில் தங்கவேல் என்பவர் குவைத்திலிருந்து திரும்பி வந்தார். சேவுகம்பட்டிக்காரர். அங்கே ஃபிட்டராக இருந்து, திண்டுக்கல்லில் தேக்குக் கதவு போட்ட ஒரு பழைய வீட்டை வாங்கியிருந்தார். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்த நாலு மாத ஆண் குழந்தை அவருக்கு. வந்தபோது டேப் ரெக்கார்டர், சென்ட்டு, நைலான் சேலைகள், இவற்றோடு ஒரு ஹீட் கன்னும் கொண்டுவந்திருந்தார்.

வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்களிடம், "குவைத்துலருந்து கன் கொண்டாந்திருக்கேன்" என்று அவர் பெருமையாகச் சொல்ல, சொந்தக்காரர்கள் தெருவில் சொல்ல, மூன்றாம் நாள் ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"துப்பாக்கி வச்சிருக்கியாமே?"

தங்கவேல் அதை எடுத்துக் காட்டி, சுவிட்சைப் போட்டு, போலீஸ்காரர் முகத்துக்கு நேராகவே காற்றை விட்டிருக்கிறார், சுடுகாற்றுதான் என்று நிரூபிப்பதற்காக. மீசை நுனி கருகிய பிறகு சட்டத்துக்குத் திருப்தி ஏற்பட்டது. அந்த மிஷின் திண்டுக்கல்லில் செய்த முதல் வேலை அதுதான்.

நாங்கள் வேலைக்குப் போன அன்று தங்கவேல் அதை மேஸ்திரியிடம் நீட்டினார். "தீயே கெடையாதுங்க. உங்க மண்ணெண்ணெய் விளக்கத் தூக்கிப் போட்ருங்க."

மேஸ்திரி அதை வாங்கினார். சுவிட்சைப் போட்டு, கொஞ்ச நேரம் சூடேற விட்டு, ஒரு பழைய தினசரித் தாளை அதன் வாய்க்கு நேரே பிடித்தார். தாள் பழுப்பானது, கறுத்தது, குப்பென்று பற்றியது. காலால் மிதித்து அணைத்தார்.

"தீ இருக்குங்க. கண்ணுக்குத் தெரியல, அம்புட்டுத்தான்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கிழவருக்குப் புது மிஷின் மேல் பொறாமை என்று நினைத்தேன். எனக்கு அப்போது முப்பது வயது. முப்பது வயதில் ஒருவனுக்கு எல்லாமே தெரிந்திருக்கும்.

ஆனால் மிஷினை அவர் ஒதுக்கவில்லை. இரண்டு நாள் அதைத் தானே பிடித்துப் பார்த்தார். வீட்டிலிருந்த சாதாரணப் பிளக்கில் மெல்லிய ஒயர் மாட்டி ஓட்டினால் ஒயர் சூடாகிறது என்று தொட்டுப் பார்த்துவிட்டு, எலக்ட்ரீஷியனை வரவழைத்துத் தடித்த ஒயரும் பெரிய பிளக்கும் போடச் சொன்னார். மரத்துக்கும் மிஷினுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. ஓரிடத்தில் நிறுத்தாமல் கை நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் பெயிண்ட் பொங்காது, புகையும். புகைந்தால் தப்பு. வேலை முடிந்ததும் வாயை மேலே பார்க்க நிமிர்த்தி வைத்து ஆறவிட வேண்டும், துணிமேல் சாய்க்கக் கூடாது. இடையில் தங்கவேல், "குடுங்க, நான் காட்டுறேன்" என்று வாங்கி ஜன்னல் சட்டத்தில் காட்டினார். கண்ணாடி குறுக்கே விரிந்தது. "மட்டமான கண்ணாடி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் தகரத்தை எடுத்து வைத்தேன்.

மூன்றாம் நாள் மிஷின் என் கைக்கு வந்தது. எப்படிச் சொல்வேன்! வாடை இல்லை, பம்ப் இல்லை, கரி இல்லை. ஆறேழு பூச்சு ஏறிய பெயிண்ட் வெண்ணெய் மாதிரி வழிந்து வந்தது. இந்த மிஷின் எனக்காகவே குவைத்தில் பிறந்தது என்று தோன்றியது.

நாலாம் நாள் காலையில் தாடிக்கொம்பில் இன்னொரு வேலையைப் பார்க்க மேஸ்திரி கிளம்பினார். வாசல் நிலைக்கு மேலே, வீட்டின் உட்பக்கமாக, பூ வேலை செய்த ஒரு பலகை இருந்தது. பலகைக்கும் சுவருக்கும் நடுவே சந்து. சந்துக்குள் குருவிக்கூடு. நாலைந்து வைக்கோல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தங்கவேலின் மனைவி சரோஜா அக்கா, குருவி வந்த பிறகுதான் குழந்தை தங்கியது, கூட்டைக் கலைக்கவே கூடாது என்று சொல்லியிருந்தார்கள். குஞ்சுகள் பறந்துபோய் ஒரு வாரம் ஆகியிருந்தது.

"அந்தப் பலகைய விட்ரு. நான் வந்து அக்காகிட்டப் பேசிக்கிறேன். மத்ததப் பாரு. மூணு மணிக்கு நிப்பாட்டிரு. அஞ்சு வரைக்கும் நகராத" என்றார் மேஸ்திரி.

"சரிங்க மேஸ்திரி."

அன்றைக்கு அவர் சொன்ன மற்றதெல்லாம் இரண்டரைக்கே முடிந்துவிட்டது. பலகை மட்டும் மேலே இருந்துகொண்டு என்னைப் பார்த்தது. மேஸ்திரி வரும்போது அதுவும் பளிச்சென்று இருந்தால் எப்படியிருக்கும் என்று நினைத்தேன். ஸ்டூலைப் போட்டு ஏறினேன். பூவிதழ்களின் பள்ளத்தில் பெயிண்ட் கெட்டியாக இருந்ததால் சில இடங்களில் மிஷினை நிறுத்தித்தான் பிடித்தேன். மூன்று அடித்தது. அந்தச் சட்டம் ஊதுவிளக்குக்குப் போட்டது, இதில்தான் தீயே இல்லையே என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடினேன். நீதிபதியும் நானே என்பதால் தீர்ப்பு சாதகமாக வந்தது. நாலே முக்காலுக்கு முடித்தேன். பலகை புதுத் தேக்கு மாதிரி இருந்தது. மிஷினை வாய் மேலே பார்க்க நிமிர்த்தி வைத்தேன். அந்த அளவுக்கு நான் ஒழுங்கானவன். எதிர்த்த தெருமுனைக்கு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வரும்போது மேஸ்திரி என் ஸ்டூல்மேல் நின்றுகொண்டிருந்தார். தாடிக்கொம்பு பஸ்ஸில் இறங்கி நேரே வந்திருக்கிறார். பலகையில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடியிருந்தார். நான் செய்த வேலையை மெச்சுகிறார் என்று அரை நொடி நினைத்தேன்.

"எங்க போன?"

"செத்த நேரம் டீக்கு..."

"இங்க வா அப்பு. கைய வை."

வைத்தேன். மிஷின் ஆறிவிட்டது, பலகை ஆறவில்லை. எங்கள் தலைக்கு மேலே சந்திலிருந்து நூல் மாதிரி ஒரு புகை வந்துகொண்டிருந்தது.

ஸ்டூலுக்குப் பக்கத்தில், பலகைக்கு நேர் கீழே, தொட்டில் தொங்கியது. காலையில் மேஸ்திரிதான் அதைப் பின்கட்டுக்கு மாற்றச் சொல்லியிருந்தார். மிஷின் சத்தம் நின்றதும், வாசலில் காற்று வரும் என்று சரோஜா அக்கா குழந்தையைத் தூக்கிவந்து அங்கே போட்டிருக்கிறார்கள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"பிள்ளையத் தூக்கு" என்றார் மேஸ்திரி. குரல் உயரவே இல்லை. நான் தூக்கினேன். "அவுக கையில குடுத்துட்டு மெயின அமத்து. பொறவு தண்ணி."

குழந்தையைக் கொடுத்தேன். மெயின் சுவிட்சை அமர்த்தினேன். வாளிகளிடம் ஓடினேன். இரண்டும் கழுவி, கவிழ்த்து, பளபளவென்று இருந்தன.

"தண்ணி எங்கக்கா?"

"சும்மா தான கெடந்துச்சுன்னு பாத்திரம் வெளக்கிட்டேனே தம்பி" என்று சரோஜா அக்கா அழ ஆரம்பித்துவிட்டார்கள்.

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் காலத் திண்டுக்கல்லில் குழாயில் தண்ணீர் என்பது ஒரு வதந்தி. இரண்டு வாளித் தண்ணீரை நாள் முழுக்கச் சும்மா வைத்திருப்பவனைப் பார்த்தால் எந்தக் குடும்பப் பெண்ணுக்கும் கை பரபரக்கும். அன்று பானையில் குடிநீர்கூட ஒரு செம்புக்கு மேல் இல்லை.

நான் கடப்பாரையை எடுத்துக்கொண்டு பலகையைப் பெயர்க்கப் போனேன்.

"தொறக்காத! காத்து பட்டா குப்புனு வந்துரும். மொதல்ல நனைக்கணும்" என்றவர், வாசலைப் பார்த்து, "மூக்கையா!" என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

எதிரே மூக்கையா அண்ணனின் கோலி சோடாக் கடை. இரண்டு பெட்டி வந்தது. மேஸ்திரி ஒரு பாட்டிலை வாங்கிக் கோலியைத் தட்டி, வாயைக் கட்டைவிரலால் அழுத்திக் குலுக்கி, சந்துக்கு நேரே விரலை லேசாக விலக்கினார். சோடா சீறிக்கொண்டு உள்ளே போனது. உள்ளேயிருந்து 'சுர்' என்று பதில் வந்தது. அடுத்த பாட்டில். அதற்கடுத்து. மூக்கையா அண்ணன் குலுக்க, நான் கொடுக்க, அவர் அடிக்க, கறுப்பாக வந்த புகை வெள்ளையானது. அவரது வெள்ளைச் சட்டை அன்றுதான் முதல் முறையாகக் கறையானது.

"ம். இப்பப் பேத்து எடு."

பேர்த்தேன். பலகையின் பின்பக்கம் ஒரு சாண் அகலத்துக்குக் கரி. கூடு சொதசொதவென்று கறுத்து விழுந்தது. ஆனால் கூட்டின் ஒரு ஓரம் நனையாமல் இருந்திருக்கிறது. கைப்பிடி அளவு கங்கு, சிவந்தபடியே, நேராகக் காலித் தொட்டிலுக்குள் விழுந்தது.

தொட்டில் கட்டியிருந்தது குவைத் நைலான் சேலையில். எரியவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருங்கியது, உருகியது, ஒரு கை அளவுக்கு உருண்டு, தரையில் சொட்டியது. மூக்கையா அண்ணன் கையிலிருந்த சோடாவை அதன்மேல் ஊற்றினார். குழந்தை முழித்துக்கொண்டு தன் தாயின் தோளுக்கு மேலே எல்லாரையும் வேடிக்கை பார்த்தது.

பத்து நிமிடத்தில் தங்கவேல் வந்தார். வாசல் நிலையைப் பார்த்தார், தரையில் கிடந்த உருண்டையைப் பார்த்தார். புரிந்துகொள்ள அவருக்கு நேரம் பிடித்தது. புரிந்ததும் எங்கள் பக்கம் திரும்பினார்.

"யாரு செஞ்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மேஸ்திரி சொன்னார். "நாந்தாங்க. வேலை முடியட்டும்னு சாயங்காலம் வரைக்கும் ஓட்டச் சொன்னேன்."

"தண்ணி எங்க? தண்ணி வச்சிக்கிட்டுத்தான் வேலை பாப்பீங்கன்னு ஊரே சொல்லுச்சே?"

"மறந்துட்டேங்க."

வாழ்நாளில் ஒரு நாளும் வாளியை மறக்காத மனிதர் அதைச் சொன்னார். சரோஜா அக்கா சட்டென்று நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு குழந்தையின் முதுகைத் தட்ட ஆரம்பித்தார்கள். நான் என்ன செய்தேன் என்றும் சொல்லிவிட வேண்டும். தரையைப் பார்த்தேன். நல்ல தரை. சிவப்பு சிமெண்ட், வழுவழுவென்று போட்டிருந்தார்கள்.

"வயசாச்சுன்னா வீட்ல கெடக்கணும்யா. எம்பிள்ளய எரிக்கவா வந்தீரு? இனிமே இந்த வாசப்படி மிதிக்காதீரும்" என்றார் தங்கவேல். இன்னும் பலதும் சொன்னார். எழுத வேண்டாம். மேஸ்திரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "சரிங்க" என்று சொல்லிவிட்டு, தகடுகளைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். வழியில் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பு என்றாவது சொல்லமாட்டாரா என்று ஏங்கிக்கொண்டே பின்னால் போனேன்.

நாலு நாள் பொறுத்தேன். மனசாட்சி உள்ளவனுக்கு நாலு நாள் ஆகிறது, இல்லாதவனுக்கு எவ்வளவு ஆகும் என்று தெரியவில்லை. ஐந்தாம் நாள் காலையில் தங்கவேல் வீட்டுக் கதவைத் தட்டினேன். சரோஜா அக்கா திறந்தார்கள்.

"நான் சொல்ல வந்துருக்கேன்க்கா."

"நீயாவது வந்த" என்றார்கள். "நான் இந்த வீட்டுக்குள்ளயே இருந்துக்கிட்டு இன்னும் சொல்லல தம்பி. வாளிய எடுத்தது நானுன்னு."

இரண்டு பேரும் சேர்ந்து சொன்னோம். யார் முதலில் சொல்வது என்று வாசலில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில் கொஞ்ச நேரம் போனது. தங்கவேல் உட்கார்ந்துவிட்டார்.

"ஏன்யா, அம்புட்டுப் பேச்சு பேசுனேனே. ஒரு ஆளு குறுக்க வந்து நிப்பாட்டலயே" என்றார்.

அன்று சாயங்காலமே அவர் மேஸ்திரி வீட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டு நின்றவரிடம் மேஸ்திரி கேட்டது ஒன்றுதான்.

"பிள்ள நல்லாருக்கா?"

"நல்லாருக்குங்க."

"நாளைக்கு வாரேன். பாதிக் கதவு நிக்குது."

தங்கவேல் போன பிறகு என் பக்கம் திரும்பினார். "யாரு அப்பு ஒன்னயச் சொல்லச் சொன்னது?"

"மனசு கேக்கல மேஸ்திரி."

"நாலு நாளா கேட்டுச்சா?"

அதற்குப் பிறகு என் கையில் சூடு எதுவும் தரவில்லை. தங்கவேல் வீட்டு மிச்சக் கதவுகளை அவரே அந்த மிஷினில் உரித்தார். "மிஷின் மேல தப்பில்ல. நல்ல சாமான்" என்று வீட்டுக்காரரிடமே சொன்னார். எனக்கு உப்புத்தாள். தேய், தேய், தேய். கைரேகை அழிந்துவிட்டதோ என்று சந்தேகம் வரும் அளவுக்குப் பதினோரு மாதம் தேய்த்தேன். எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள்கூட ஊதுவிளக்குப் பிடித்தார்கள். பிடித்துக்கொண்டே என்னைப் பார்த்து, "அண்ணே, தாள் தேஞ்சிருச்சா?" என்று அக்கறையாக விசாரித்தார்கள். வேறு மேஸ்திரியிடம் போய்விடலாம் என்று பலமுறை நினைத்தேன். மறுநாள் காலையில் கால் தானாக அவர் வீட்டுப் பக்கம்தான் போகும்.

தங்கவேல் திரும்பக் குவைத் கிளம்பும்போது ஹீட் கன்னை மேஸ்திரியிடமே கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பிறகு ஒரு நாள் காலையில், குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு வீட்டில், மேஸ்திரி ஒன்றும் சொல்லாமல் அதை என் முன்னால் கொண்டுவந்து வைத்தார். ஒரு அலமாரிக் கதவைக் காட்டினார்.

எடுத்தேன். சுவிட்சைப் போட்டேன். காற்று சூடேறும் சத்தம் கேட்டதும் என் கை நடுங்க ஆரம்பித்தது. இன்னொரு கையால் பிடித்து அழுத்திப் பார்த்தேன், நிற்கவில்லை. பதினோரு மாதத்துக்கு முன்னால் வெண்ணெய் வழித்த கை. பக்கத்தில் நின்ற மற்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார்கள். அவமானத்தில் அதைக் கீழே வைத்துவிடப் போனேன்.

மேஸ்திரி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ம்" என்றார். "இப்பத்தான் சரி. ஓட்டு."